ஆற்று மணலிற் பொன் பிறக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கனிமங்கள் பற்றி முன்னர் இப்பகுதியில் எழுதிய குறிப்பைத் தொடர்ந்து, ஆற்று மணலில் உலோகங்கள் உலோகமாகவே கிடைப்பது எப்படி என்று வாசகர் பலர் எழுதிக் கேட்டிருந்தனர். ஒரே பொருளைச் சுற்றிவந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இம்முறை விடை எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டு வேலைக்காகக் கனகராயன் ஆற்றுப் பக்கத்திலிருந்து மணல் பறித்தோம். வெயில் பட்டால் மணற்கும்பி முழுவதும் பொன்னிறமாக மினுங்குகிறது. பிள்ளைகள் அந்தத் துகள்களைப் பொறுக்கிப் போத்தலில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இது தங்கமாக இருக்கக்கூடுமா? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: தங்கமன்று, மைக்கா. நம் முன்னோர் காக்காய்ப்பொன் என்றது இதனைத்தான். வன்னிப் பெருநிலப்பரப்பின் அடியில் இருப்பது நைஸ் எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறை. அதில் கருமைக்கா தாராளமாக உண்டு. பாறை வெயிலிலும் மழையிலும் உக்கிச் சிதையும்போது கருமைக்காவிலுள்ள பொற்றாசியம் கரைந்து வெளியேறுகிறது, இரும்பு ஒட்சியேற்றமடைகிறது. இதனால் அதன் கறுப்பு மெல்ல மெல்ல வெண்கல நிறமாகி, ஈற்றில் பொன் போலவே மின்னத் தொடங்குகிறது.

ஐயம் தீர ஒரு துகளை எடுத்து விரல் நகத்தின்மேல் வைத்து, தையல் ஊசியின் முனையால் அழுத்திப் பாருங்கள். மைக்காவாயின் அது ஏடு ஏடாகப் பிரியும். பிரிந்த ஏடு கண்ணாடித்தாள் போல ஒளியை ஊடுசெல்ல விடும். தங்கமாயின் ஊசி முனை அதில் பதிந்து குழி விழுமேயன்றித் துகள் உடையாது, பிரியாது. இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்கலாம். மைக்காவைச் சற்றுத் திருப்பினால் மினுக்கம் சட்டென்று மறையும். தங்கம் எந்தப் பக்கம் திருப்பினாலும், நிழலில் வைத்தாலும், அதே மஞ்சளாகவே தெரியும். தண்ணீரில் மணலைக் கலக்கினால் மைக்கா கடைசியாகவே அடையும். தங்கம் எல்லாவற்றுக்கும் முந்தி அடியில் இறங்கிவிடும்.

தங்கமென்று நம்பப்படும் மற்றொரு கனிமம் இரும்புச் சல்பைட்டாகிய பைரைற்று. அது மைக்காவைப் போலன்றிப் பாரமானது. ஆயினும் சுத்தியலால் தட்டினால் நொருங்கும். தரைஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் உரைத்தால் கரும்பச்சைக் கோடு விழும். பிள்ளைகளின் போத்தலை எறிந்துவிட வேண்டாம். ஒரு பாறை உக்கி மணலாவதன் பாதி வழி அந்தத் துகள்களில் கண்ணுக்குத் தெரிகிறது.

கேள்வி: இரும்பு, நாகம், அலுமினியம் எல்லாம் தாதாகவே கிடைக்கின்றன. தங்கம் மட்டும் ஆற்றில் உலோகமாகவே கிடைப்பது ஏன்? அது முதலில் எங்கே உண்டாகிறது? (க.பொ.த. உயர்தர மாணவி, சாவகச்சேரி)

பதில்: விடையின் முதற்பாதி உங்கள் இரசாயனவியல் பாடத்திலேயே இருக்கிறது. மின்னிரசாயனத் தொடரை எடுத்துப் பாருங்கள். அலுமினியத்தின் நியம மின்வாய் அழுத்தம் –1.66 வோல்ற்று, நாகத்தினது –0.76, இரும்பினது –0.44. இவை இலத்திரன்களை எளிதில் இழப்பவை. ஒட்சிசனும் நீரும் நிறைந்த பூமியின் மேற்பரப்பில் இவை உலோகமாக நீடிப்பது கடினம். செம்பு +0.34, வெள்ளி +0.80 என ஏறிச் செல்லும் தொடரின் உச்சியில், ஏறத்தாழ +1.5 வோல்ற்றில், தங்கம் நிற்கிறது. வளியிலுள்ள ஒட்சிசனால் மட்டும் அதனை அயனாக்க முடியாது. ஆகவே கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் சேற்றிலும் கிடந்தாலும் தங்கம் தங்கமாகவே இருக்கிறது.

இரண்டாம் பாதி நிலத்தின் அடியில் இருக்கிறது. புவியோட்டில் தங்கம் மிக அரிது. சாதாரண பாறையில் ஒரு தொன்னுக்குச் சில மில்லிகிராம் அளவே உண்டு. இப்படிச் சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் திரட்டுவது வெந்நீர். மலைகள் எழும் காலத்தில், பல கிலோமீற்றர் ஆழத்தில், 250 முதல் 400 பாகை செல்சியசு வரை சூடேறிய நீர் பாறைப் பிளவுகளினூடாக மேலேறுகிறது. அந்த நீரிற் கரைந்துள்ள கந்தகச் சேர்வைகள் தங்கத்தோடு சிக்கல் அயன்களாகச் சேர்ந்து அதனைக் கரைசலில் வைத்திருக்கின்றன. வழியில் அமுக்கம் குறைந்தாலோ, நீர் குளிர்ந்தாலோ, இரும்புள்ள பாறையைச் சந்தித்துக் கந்தகம் பைரைற்றாகப் பிரிந்து போனாலோ, தங்கத்தைத் தாங்குவதற்கு ஆளில்லாமற் போகிறது. அது அங்கேயே, பிளவுகளை நிரப்பிய படிகக்கல் (குவார்ட்சு) நாளங்களின் நடுவில், உலோகமாகப் படிந்துவிடுகிறது.

அமுக்கக் குறைவு எவ்வளவு விரைவாக நேரலாம் என்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. நிலநடுக்கத்தின்போது பிளவு ஒரு கணத்தில் விரிகிறது. உள்ளே இருந்த நீர் அதே கணத்தில் ஆவியாகிச் சிதற, அது சுமந்துவந்த பொருள்கள் யாவும் படிந்துவிடுகின்றன என்று அந்த ஆய்வு கணித்தது. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, நிலநடுக்கத்தின் அதிர்வால் நெருக்கப்படும் படிகக்கல்லில் எழும் மின்னழுத்தமே கரைசலிலுள்ள தங்கத்தை உலோகமாகப் படியச் செய்யக்கூடும் என்று ஆய்வுகூடச் சோதனையால் காட்டியிருக்கிறது. அழுத்தினால் மின்னேறும் படிகக்கல்லின் அந்த இயல்பைத்தான் குவார்ட்சு கடிகாரங்களில் நாம் நாளாந்தம் பயன்படுத்துகிறோம்.

பின்னர் மலை தேய்கிறது. நாளங்களிலுள்ள பைரைற்று ஒட்சியேறிக் கரைந்து துருவாகிவிட, தங்கமும் படிகக்கல்லும் எஞ்சுகின்றன. மழைநீர் அவற்றைச் சரிவில் இறக்கி ஓடையிற் சேர்க்கிறது. ஆற்றின் வேலை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: ஆற்றுக்கு எது தங்கம், எது மணல் என்று எப்படித் தெரியும்? ஓரிடத்தில் மட்டும் தங்கம் சேருவது எவ்வாறு? (இல்லத்தரசி, வட்டுக்கோட்டை)

பதில்: இதனை உங்களுக்கு விளக்குவது எனக்கு எளிது, ஏனெனில் ஆறு செய்வதை உங்கள் வீட்டு அரிக்கன்சட்டி செய்கிறது. சட்டியின் உட்புறத்தில் வரிவரியாக இருக்கும் பள்ளங்களை நினைத்துப் பாருங்கள். அரிசியைத் தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி ஊற்றும்போது அரிசி நீரோடு வழிந்துவிடும். கல் வரிகளிலே தங்கிவிடும். ஆறுகளில் தங்கம் அரிப்பவர்கள் பயன்படுத்தும் தட்டிலும் இதே வகையான வரிகள் இருக்கின்றன.

மணலின் பெரும்பகுதியாகிய படிகக்கல்லின் அடர்த்தி நீரினதைப் போல 2.65 மடங்கு. தூய தங்கத்தினது 19.3 மடங்கு. இந்த வேறுபாடு மிகப் பெரியது. வெள்ளம் வந்தால் ஆற்றுப்படுக்கை முழுவதும் அசைகிறது. அந்தக் குலுக்கலில் பாரமான மணிகள் இலேசானவற்றின் இடைவெளிகளினூடாகக் கீழே இறங்கி, அடிப்பாறையின் வெடிப்புகளிலும் குழிகளிலும் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. வெள்ளம் வடியும்போது, ஓட்டம் தளரும் இடங்களிலெல்லாம் அவை முதலில் விழுகின்றன. வளைவின் உட்பக்கத்து மணற்றிட்டு, பெரிய பாறாங்கல்லின் பின்புறம், கிளையாறு அகன்ற ஆற்றோடு கலக்கும் இடம் ஆகியன அனுபவமுள்ளவர்கள் முதலில் தேடும் இடங்கள்.

தங்கத்தோடு கூட வருவது கருமணல். அதில் மகனதைற்று, இல்மனைற்று, சேர்க்கோன் போன்ற பாரமான கனிமங்கள் இருக்கும். அவற்றின் அடர்த்தி 4.5க்கும் 5.2க்கும் இடைப்பட்டது. சிறிய தங்கத்துகளும் அதைவிடப் பெரிய மகனதைற்று மணியும் நீரில் ஒரே வேகத்தில் அடையக்கூடியவை என்பதால் இரண்டும் ஒரே இடத்திற் சேர்கின்றன. மாவு போன்ற மிக நுண்ணிய தங்கம் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. அது தகடாகத் தட்டையாகி, நீரின் மேற்பரப்பு இழுவிசையிலே மிதந்து, மைல்கணக்கிற் போய்விடும்.

ஆறுகள் திரட்டிய தங்கத்துக்கு மிகப் பெரிய சான்று இன்றைய ஆறு எதிலும் இல்லை. தென்னாபிரிக்காவின் விற்வோட்டர்ஸ்ராண்ட் பகுதியில், ஏறத்தாழ 290 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஆற்றுச் சரளைகள் இறுகிப் பாறையாகியுள்ளன. 1886இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின், இதுவரை உலகில் அகழப்பட்ட தங்கத்தின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அந்தப் பாறைகளிலிருந்தே வந்தது. அந்தச் சரளையில் ஆற்றில் உருண்டு உருண்டு வட்டமான பைரைற்று மணிகளும், யுரேனியத் தாதாகிய யுரேனைற்று மணிகளும் இருக்கின்றன. இன்றைய ஆற்றில் இவை இரண்டும் விரைவில் ஒட்சியேறி அழிந்துவிடும். அவை அங்கே பிழைத்திருப்பது, அக்காலத்து வளிமண்டலத்தில் ஒட்சிசன் மிக அருகியே இருந்தது என்பதற்கு வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது. அந்தத் தங்கம் முழுவதும் ஆறு கொண்டுவந்ததா, அதில் ஒரு பகுதியைப் பின்னர் வெந்நீர் கரைத்து மீண்டும் படிய வைத்ததா என்பது அறிஞர்களிடையே நெடுங்கால விவாதம். ஆறு கொண்டுவந்து சேர்த்ததைப் பின்வந்த நீர் ஓரளவு திருத்தியது என்ற நடுவழிக் கருத்தே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: பொன்னை நால்வகையாகப் பிரித்த பழைய நூலார், அவற்றுள் ஒன்றாகிய சாம்பூநதத்தை ஆற்றிற் பிறந்த பொன் என்றனர். நாவற்பழச் சாறு ஆறாக ஓடி மண்ணைப் பொன்னாக்கியது என்பது புராணம். ஆற்றிலே பொன் உண்மையிற் பிறக்கிறதா, அல்லது வந்து சேருகிறதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சுன்னாகம்)

பதில்: ஐயா, தங்கள் கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புவிச்சரிதவியலாளரைப் பிரித்து வைத்த கேள்வி. பெரும்பாலும் வந்து சேருகிறது. சிறிதளவு அங்கேயே பிறக்கிறது. அந்தச் சிறிதளவைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

விவாதம் பெருங்கட்டிகளிலிருந்து தொடங்கியது. 1869இல் அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில், மரமொன்றின் வேரடியில், மண்ணுக்குச் சில சென்ரிமீற்றர் கீழே, 70 கிலோவுக்கும் மேற்பட்ட தங்கக்கட்டி ஒன்று அகப்பட்டது. அதனை நிறுக்கக்கூடிய தராசு அவ்வூர் வங்கியில் இல்லாமையால் பட்டடையில் வைத்து உடைத்தே நிறுத்தார்கள். அவ்வளவு பெரிய கட்டிகள் பக்கத்துப் படிகக்கல் நாளங்களில் அரிதாகவே காணப்பட்டன. எனவே, கட்டிகள் மண்ணிலே கிடந்து, நீரிற் கரைந்த தங்கம் படியப் படிய வளர்ந்தவை என்று பலர் முடிவு கட்டினர். அக்காலத்துக்கு அது நியாயமான ஊகமே.

ஆனால் கட்டிகளை அறுத்துப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. 2007ஐ ஒட்டிய காலத்தில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அருங்காட்சியகக் கட்டிகளை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தால் அரித்து, உள்ளமைப்பை நுணுக்குக்காட்டியில் நோக்கினர். உள்ளே இருந்தவை பெரிய, இரட்டைப் படிகங்களாக அமைந்த, வெள்ளி கலந்த மணிகள். அவை வெப்பத்தில் உருவான உலோகத்துக்கு உரிய அமைப்பு. குளிர்ந்த மண்ணீரில் படியும் தங்கத்தில் வெள்ளி ஏறக்குறைய இராது. ஆகவே அக்கட்டிகள் ஆழத்தில் வெந்நீரிலே பிறந்து, பாறை அழிந்த பின் எஞ்சியவை. அவை மண்ணில் வளரவில்லை. அவற்றின் ஓரங்கள் மெல்லக் கரைந்து குறைந்துகொண்டே வந்திருக்கின்றன.

தங்கம் கரையாது என்று மேலே மாணவிக்கு எழுதிவிட்டு இங்கே கரைகிறது என்கிறேன் என்று தாங்கள் கேட்கலாம். ஒட்சிசன் மட்டும் அதனைக் கரைக்காது. ஆனால் தங்க அயனை இறுகப் பிடித்துக்கொள்ளும் துணை ஒன்று நீரில் இருந்தால் நிலைமை மாறும். மேற்கு அவுஸ்திரேலியாவின் உவர்நிலங்களில் உப்பும் அமிலமும் மிகுந்த நிலத்தடி நீரில் குளோரைட்டு அந்தத் துணையாகிறது. பைரைற்று ஒட்சியேறும் இடங்களில் தயோசல்பேற்று. சில நுண்ணங்கிகளும் தாவரங்களும் வெளிவிடும் சயனைட்டு. உக்கிய இலைதழைகளின் சேதன அமிலங்கள். இவையெல்லாம் மிகச் சிறிய அளவில் தங்கத்தைக் கரைக்கின்றன. கரைந்தது நெடுந்தூரம் செல்வதில்லை. இரும்பையோ சேதனப் பொருளையோ சந்தித்தவுடன் தாழ்த்தப்பட்டு, அதாவது இலத்திரன்களைப் பெற்று, மீண்டும் உலோகமாகிவிடுகிறது. அப்படிப் படியும்போது வெள்ளி கூட வருவதில்லை. வெள்ளி கரைசலோடு போய்விடுகிறது. எனவே இந்த இரண்டாம் பிறப்புத் தங்கம் மிகத் தூயது.

கேரளத்தின் நிலம்பூர்ப் பகுதி இதற்கு நமக்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு. சாலியாற்று மணலில் ஊரவர்கள் நெடுங்காலமாகப் பொன் அரித்து வந்திருக்கிறார்கள். அங்குள்ள செம்பூரான் மண்ணிலே மிக உயர்ந்த தூய்மையுடைய தங்கமணிகள் இருப்பது ஆய்வில் வெளிப்பட்டது. வெப்பமண்டல மழை பாறையை அழிக்கும்போது, பாறையிலிருந்த தங்கம் கரைந்து, மண்ணிலேயே மீண்டும் மணியானதன் விளைவு அது. ஆறு அந்த மண்ணை அறுத்துத் தங்கத்தை எடுத்துச் செல்கிறது.

மிக வியப்பான செய்தி 2006இல் வந்தது. அவுஸ்திரேலியாவின் இரண்டு இடங்களில் எடுத்த தங்கமணிகளின்மேல் பற்றீரியாக்கள் மெல்லிய படலமாக ஒட்டியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். அவற்றுள் குப்ரியாவிடசு மெற்றலிடுரன்சு என்ற இனம், கரைந்த தங்கம் தனக்கு நஞ்சாகையால் அதனைத் தாழ்த்தி, நுண்ணிய உலோகத் துணிக்கையாக்கிவிடுகிறது. 2013இல் டெல்ப்ரியா அசிடோவொரன்சு என்ற மற்றோர் இனம் இன்னொரு வழியைக் கையாள்வது தெரியவந்தது. அது ஒரு சேதனச் சேர்வையைச் சுரந்து, தங்கம் தன் கலத்தினுள் நுழையுமுன்னரே வெளியில் படிய வைத்துவிடுகிறது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆற்றுத் தங்கமணியின் மேற்பரப்பைப் பார்த்தால், பள்ளங்களில் கோளவடிவான நுண்மணிகள் மொட்டுகள் போல மொய்த்திருப்பதும், அவை ஒன்றோடொன்று இணைந்து பூச்சாக மாறுவதும் தெரியும். உருண்டு தேய்ந்த மேடுகளில் அவை இல்லை. சேறும் உயிரும் தங்கியிருக்கும் குழிகளில்தான் இருக்கின்றன.

ஆகவே, நாவற்பழச் சாறு அன்றாயினும், அழுகும் இலையின் சாறும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் சேர்ந்து ஆற்றிலே பொன்னைப் பிறப்பிக்கத்தான் செய்கின்றன. ஒரு மணியில் அந்தப் பங்கு மிகமிகச் சிறியது. அந்த அளவை மறந்து "பற்றீரியா தங்கம் செய்கிறது" என்று பத்திரிகைகள் தலைப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே உள்ள தங்கத்தைக் கரைத்து இடம் மாற்றுவதே அவற்றின் பங்கு. மூலகத்தை அவை ஆக்குவதில்லை.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் யூக்கொன் பகுதி ஆற்றுப்பொன் மணிகள் சில கொண்டுவந்தார். உரைகல்லில் உரைத்தபோது மிக நல்ல மாற்று (பொன்னின் தூய்மை) காட்டியது. உருக்கிப் பார்த்தால் மாற்று வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்படி நடப்பது ஏன்? (பொற்கொல்லர், கஸ்தூரியார் வீதி)

பதில்: உங்கள் உரைகல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அது தொட்டது மணியின் தோலை மட்டுமே. ஆற்றில் நெடுங்காலம் கிடந்த மணியின் வெளிப்புறத்திலிருந்து வெள்ளி மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறிவிடுகிறது. எஞ்சுவது ஏறக்குறையத் தூய தங்கத்தாலான ஒரு மேற்றோல். அதன் தடிப்புப் பல மணிகளில் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கை அண்டியே இருக்கும். உள்ளே, பிறந்தபோது இருந்த வெள்ளி அப்படியே இருக்கிறது. யூக்கொனின் குளொண்டைக் ஆற்றுப்பொன் வெள்ளி கூடியதென்று பெயர் பெற்றது. ஆயிரத்துக்கு 800ஐ அண்டிய தூய்மை அங்கே சாதாரணம். நீங்கள் கையாளும் 22 கரற்றுப் பவுணின் தூய்மை 916. ஆகவே உருக்கியவுடன் தோலும் உள்ளீடும் கலந்து உண்மையான மாற்று வெளிப்பட்டுவிட்டது. அடுத்த முறை ஒரு மணியை வாளால் இரண்டாக அறுத்து, வெட்டுமுகத்தை உரைத்துப் பாருங்கள்.

ஒரு மணி தாய்ப்பாறையிலிருந்து வந்த தூரத்தையும் ஓரளவு கணிக்கலாம். சிறிது தூரம் வந்ததில் படிகத்தின் கூர்களும், ஒட்டிய படிகக்கல்லும் இருக்கும். நெடுந்தூரம் வந்தது தட்டையாகி, விளிம்பு மடிந்து மடிந்து, விதை போல வழுவழுப்பாக இருக்கும்.

கேள்வி: தங்கத்தைத் தவிர வேறு எந்த உலோகம் ஆற்றில் இப்படிக் கிடைக்கும்? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: முதலிற் சொல்ல வேண்டியது பிளாற்றினம். தென்னமெரிக்காவின் இன்றைய கொலம்பியாவில் தங்கம் அரித்த ஸ்பானியர், தங்கத்தோடு கலந்துவந்த வெண்ணிற மணிகளை உருக்க முடியாமையால் தொல்லையாகவே கருதினர். அதன் உருகுநிலை 1768 பாகை செல்சியசு. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னர் எக்குவடோர்–கொலம்பியாக் கரையோரக் கம்மியர்கள் அந்த மணிகளைப் பொற்றூளோடு சேர்த்துச் சூடாக்கி, உருகிய தங்கமே பசையாக, தட்டித் தட்டி நகை செய்திருந்தார்கள் என்பதை நினைத்தால் மதிப்பு மேலிடுகிறது. 1748இல் அன்ரோனியோ டி உல்லோவாவின் பயண நூல் வழியாக இவ்வுலோகம் ஐரோப்பியருக்கு அறிமுகமாகியது. பின்னர் உரால் மலைச்சாரல் ஆறுகளில் ஏராளமாகக் கிடைக்கவே, ரஷ்யா 1828 முதல் 1845 வரை பிளாற்றினத்தில் நாணயமே அடித்தது. பலேடியம், ரோடியம், ஒஸ்மியம், இரிடியம் ஆகிய நான்கும் 1802க்கும் 1804க்கும் இடையில் இலண்டனில் தென்னமெரிக்க ஆற்றுப் பிளாற்றினத்திலிருந்து பிரித்தறியப்பட்டன. ஆறாவதாகிய ருதேனியம் 1844இல் உரால் பிளாற்றினத்தின் எச்சத்திலிருந்து கிடைத்தது. ஒரு மூலகக் குடும்பம் முழுவதையும் ஆற்றுமணல் மனிதருக்குக் காட்டித் தந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

செம்பு ஆற்றில் நெடுங்காலம் பிழைப்பதில்லை, பச்சையேறி மலக்கைற்றாகிவிடும். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிப்பக்கத்தில், ஒன்ரனாகன் ஆற்றிற் கிடந்த ஏறத்தாழ 1.7 தொன் தனிச்செம்புப் பாறை இன்று வாசிங்ரன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எரிமலைப் பாறையில் உண்டான அதனைப் பனிக்கட்டியாறு பெயர்த்துக் கொண்டுவந்தது. செம்பு அடையலிலேயே பிறப்பதும் உண்டு. செம்பு கரைந்த நீர் ஒட்சிசனற்ற சேற்றினூடாக ஊறும்போது, அழுகும் தாவரப்பொருள் அதனைத் தாழ்த்தி நுண்ணிய உலோகமாக்கிவிடும். மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியைப் போட்டால் செம்பு படிவது போன்ற தாழ்த்தல் தாக்கமே இதுவும்.

இரும்புதான் அரிதினும் அரிது. 1885இல் நியூசிலாந்தின் ஆற்று மணலில் நிக்கலும் இரும்பும் சேர்ந்த இயற்கைக் கலப்புலோகம் ஒன்று கண்டறியப்பட்டு, அவாருவைற்று எனப் பெயர் பெற்றது. ஆழத்துப் பசும்பாறையை நீர் தாக்கும்போது ஐதரசன் வாயு வெளிப்படுகிறது. அந்த ஐதரசன் சூழலில் நிக்கலும் இரும்பும் தாழ்த்தப்பட்டு உலோகமாகின்றன. நிக்கல் மிகுந்திருப்பதால் அந்த மணிகள் ஆற்றிலும் துருப்பிடிக்காமல் நீடிக்கின்றன.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அல்லது இலங்கையில் வேறெங்காவது இப்படி ஆற்றுப்பொன் உண்டா? (வாசகி, நல்லூர்)

பதில்: குடாநாட்டில் இல்லை. நமது அடிநிலம் மயோசீன் காலத்து ஆழமற்ற கடலிற் படிந்த சுண்ணாம்புக்கல். அதில் தங்க நாளத்துக்கு இடமில்லை. நமக்கிருக்கும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது, அதுவும் அந்தச் சுண்ணாம்புக்கல்லின் மேலேயே ஓடுவது.

இலங்கையின் ஏனைய பகுதிகளிலும் அகழத்தக்க ஆற்றுப்பொன் படிவு இல்லை. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் அடிப்பாறைகள் புவியோட்டின் ஆழத்தில் மிகக் கடுமையாகச் சூடேறி உருமாறின. தங்கத்தைத் திரட்டக்கூடிய நீர் அந்த வெப்பத்தில் முன்னரே வெளியேறிவிட்டது என்பது பொருத்தமான விளக்கம். ஆனால் அதே வெப்பம்தான் நமக்கு நீலக்கல்லையும் பதுமராகத்தையும் தந்தது. இரத்தினபுரிப் பகுதியில் இல்லம் என அழைக்கப்படும் சரளைப்படையில் அவை சேர்ந்திருப்பதும் ஆற்றின் இதே தெரிவினால்தான். 1904இல் சப்பிரகமுவவின் சரளைகளிலிருந்து தோரியனைற்று என்ற மிகப் பாரமான கனிமத்தை உலகுக்கு அறிமுகம் செய்தவர், இலங்கையின் கனிம அளவைக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாளராக மட்டுமே அவரை அறிந்தோர் இந்தப் பணியையும் அறிய வேண்டும். வடகிழக்குக் கரையில், புல்மோட்டையில், கடலலை அரித்துச் சேர்த்த இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன் மணல் நம் கண்ணெதிரே கிடக்கிறது.

கேள்வி: வன்னியில் ஆற்றோர மணலில் ஈயம் போன்ற மென்மையான சாம்பல்நிறத் துண்டுகளும் செம்பு நிறத் துண்டுகளும் அகப்படுகின்றன. இவையும் இயற்கை உலோகமா? (வாசகர், முல்லைத்தீவு)

பதில்: இல்லை. இயற்கையான தனி ஈயம் உலகிலேயே மிக அரிது. ஆற்று மணலில் அகப்படும் ஈயம் பெரும்பாலும் தூண்டில், வலை ஆகியவற்றின் ஈயக்குண்டு, அல்லது துப்பாக்கிச் சன்னம். ஆற்றில் நாகம், வெள்ளீயம், அலுமினியம் ஆகியன கிடைத்ததாக வந்த அறிக்கைகளையும் ஆய்வாளர்கள் முதலில் ஐயத்தோடேயே பார்ப்பார்கள். கைவிடப்பட்ட உலோகத்தை ஆறு தங்கத்தைப் போலவே பாரம் பார்த்துச் சேர்த்துவிடும். போர் நடந்த நிலத்தில் இது ஆராய்ச்சிக் கேள்வி மட்டுமன்று. வடிவம் தெரியாத உலோகத் துண்டு எதனையும் பிள்ளைகள் எடுக்கவோ, தட்டவோ, சூடாக்கவோ விடவேண்டாம். கண்ட இடத்திலேயே விட்டு, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து, வந்த வழியே திரும்பி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் பணியினருக்கோ அன்றைக்கே அறிவியுங்கள்.